ஐந்து நட்சத்திரப் பொய்

சலவைக் கடை மேசையில், மடித்து அடுக்கிய சட்டைகளின் உச்சியில் ஒரு கைபேசி மல்லாந்து கிடந்தது. அதிலிருந்து புல்லாங்குழலாகவும் இல்லாமல் பூனையாகவும் இல்லாமல் ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருந்தது. இடையிடையே ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று தேன் தடவிச் சொல்லிவிட்டு, மறுபடி பூனையை அவிழ்த்துவிடும். கடைக்காரர் அந்தச் சத்தத்துக்குத் தோதாக இஸ்திரிப் பெட்டியை இழுக்கவே பழகிவிட்டார்.

"என்னண்ணே, கடையில பாட்டெல்லாம் போட ஆரம்பிச்சுட்டீங்க?" என்றாள் துணி வாங்க வந்த நர்ஸ்.

"பாட்டு இல்லம்மா, கஸ்டமர் கேர். நான் அவங்களுக்கு ரொம்ப முக்கியமாம். என் கல்யாணத்துல கூட யாரும் என்னை அப்படிச் சொன்னதில்ல."

நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கடைக்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவியின் கை மறுபடி தொங்க ஆரம்பித்திருந்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியவில்லை. கடைக்காரர் பின்னிவிடுவார். பிரித்துக் கட்டிய வைக்கோல் மாதிரி இருக்கும். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். "கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா அப்படியே நின்னுடும்" என்று பிசியோதெரபி மேடம் சொல்லியிருந்தார். சுவரில் விரலை ஏற்றி இறக்கும் பயிற்சி அவளுக்குச் சலித்துவிட்டது. "சுவரையே பார்த்துக்கிட்டு நிக்கறதுக்கு நான் என்ன பல்லியா?" என்றாள்.

அப்போதுதான் அவர் அந்தக் கேம் பெட்டியை வாங்கிவந்தார். டிவியில் மாட்டி, ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால், திரையில் பந்து உருண்டுபோய் மரக்கட்டைகளைச் சாய்க்கும். பொத்தானை அழுத்திவிட்டாலே பந்து கிளம்பிவிடும். கையை எவ்வளவு உயரம் தூக்கி வீசுகிறோமோ அவ்வளவு வேகம் கூடும். இணையத்தில் அதற்கு ஐந்து ஐந்து நட்சத்திரமாக வாரி இறைத்திருந்தார்கள். இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. வலியில் முனகுகிறவள், கட்டை சாய்ந்தால் வலியை மறந்து கத்தினாள். கை இடுப்பிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தோளுக்கு ஏறியது. ஒருநாள் தலைக்கு மேலேயே போய்விட்டது. அவர் ஓடிப்போய்ப் படம் எடுத்தார்.

அதற்கப்புறம் பந்து இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. எப்படி வீசினாலும் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. கட்டைகள் ஒன்றுகூட அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தன.

"என் கைதான் கோணிப்போச்சு போலிருக்கு" என்று அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

அவர் தன் கையால் வீசிப் பார்த்தார். இடதுபக்கம். ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்த்தார். அப்போதும் இடதுபக்கம். "உன் கையில ஒண்ணுமில்லம்மா, கழுதை இந்தப் பெட்டிதான்" என்றார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. சந்தேகம் வந்த கை மேலே எழ மறுத்தது. அதனால்தான் இந்தப் பூனைச் சத்தம்.

கடைசியில் பூனை நின்று ஒரு பையன் குரல் வந்தது.

"சொல்லுங்க சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் தம்பி."

"வேற பிளக்ல?"

"வீட்டுல இருக்கற எல்லாப் பிளக்லயும் போட்டாச்சு. பக்கத்து வீட்டு பிளக்குதான் பாக்கி."

"அதையும் பார்த்துடுங்க சார்."

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தம்பி, பந்து இடதுபக்கமே போகுது."

"யார் சார் விளையாடறது?"

"என் வீட்டுக்காரம்மா. தோள்பட்டை சரியில்ல, அதுக்குத்தான்..."

"அதான் சார்!" பையனுக்கு விடுதலை கிடைத்த மாதிரி குரல் துள்ளியது. "கையில பிரச்சனை இருந்தா அப்படித்தான் போகும். எங்க பெட்டியில ஒண்ணும் இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்பதற்குள் இணைப்பு போய்விட்டது. ஊரார் அழுக்கையெல்லாம் வெறுங்கையால் அலசுகிற மனிதர். அவருக்கே அந்தக் குரலைத் தொட்ட காதைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

அதன்பிறகும் விடாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் வேறொரு குரல். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருத்தி படம் அனுப்பச் சொன்னாள். அனுப்பினால் வீடியோ கேட்டாள். இன்னொருவன், அம்மா டிவிக்கு முன்னால் நின்று விளையாடுகிறார்களா என்று விசாரித்தான். "பின்னாடி நின்னா சுவர்தான் தம்பி தெரியும்" என்றார் இவர். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

ஒருநாள் அவர்களே கூப்பிட்டார்கள். இந்தமுறை குரலில் தேன் இல்லை, வெண்ணெய்.

"சார், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. ஒரு சின்ன ஒத்துழைப்பு. எங்க வெப்சைட் பக்கத்துல அஞ்சு ஸ்டார் குடுத்து, நல்லதா நாலு வரி எழுதிட்டீங்கன்னா உங்க கேஸை மேல தள்ளிடுவேன். உடனே பெட்டியை மாத்திக் குடுத்துடுவாங்க."

"ஓடாத பெட்டியைப் பத்தி நல்லதா எப்படி எழுதறது?"

"ஓடற மாதிரி நினைச்சுக்கிட்டு எழுதுங்க சார். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்! தான் நம்பி வாங்கின நட்சத்திரங்களெல்லாம் எந்த வானத்திலிருந்து உதிர்ந்தவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சீ என்று வந்தது. ஆனாலும் அன்று மாலையே உட்கார்ந்து எழுதினார். எழுத ஆரம்பித்ததும் அவருக்குள் இருந்த புலவர் வேறு விழித்துக்கொண்டார்: 'தூங்கிய தோளைத் தட்டி எழுப்பிய அற்புதப் பெட்டி! கை கால் முடியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்!' மனைவி கையைத் தூக்கி நிற்கும் பழைய படத்தையும் மேலே ஒட்டினார்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் படித்தாள். "கண்ணைத் திறந்துக்கிட்டா யாரு வாங்குவா?"

"உன் கைக்காகத்தான் எழுதறேன்."

"என் கைக்காக எழுதறீங்க, சரி. படிச்சுட்டு வாங்கறவன் கைக்கு யாரு எழுதுவா?"

"அட விடும்மா, ஊர்ல இருக்கற பொய்ல இது ஒரு சிட்டிகை" என்று அவர் பொத்தானை அழுத்தினார்.

மாற்றுப் பெட்டி வந்தது. சலவைக்காரர் கண்ணுக்கு அது புதுசு இல்லை என்பது அட்டையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பெட்டியின் தலையில் தேநீர்க் கோப்பை வைத்த பழுப்பு வளையம். ரிமோட்டின் இடுக்கில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கை, யாருடையதோ ஒரு தலைமுடி. பொத்தான்களைச் சுற்றி விரல் எண்ணெய் களிம்பாகப் படிந்திருந்தது. காலர் அழுக்கையும் அக்குள் மஞ்சளையும் முகம் சுளிக்காமல் துவைக்கிறவருக்கு, அதைப் பிடித்ததும் குமட்டியது. துடைத்து, மாட்டி, பொத்தானை அழுத்தினார்.

பந்து இடதுபக்கம் போனது.

மறுபடி பூனை. மறுபடி ஒரு குரல். "உங்க கேஸ், 'வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி'ன்னு மூடியாச்சே சார்."

"எனக்கு எங்க திருப்தி?"

"நீங்களேதான் சார் எழுதியிருக்கீங்க. அற்புதப் பெட்டின்னு. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

அவர் இணைப்பைத் துண்டித்தார். தான் துப்பினது தன் சட்டையிலேயே விழுந்தால் என்னதான் பேசுவது? பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார். மனைவி பழையபடி பல்லியாக மாறிச் சுவரோடு நின்றாள். பிடிவாதமாகச் செய்ததில் கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்தமுறை அவளை பிசியோதெரபி கூடத்துக்கு அழைத்துப் போனபோது, உள்ளே வழக்கமில்லாத கூட்டம். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக எல்லோரும் சுவரில் மாட்டிய புது டிவியைச் சுற்றி நின்றார்கள். மேடம் இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க! நீங்கதான் எங்களுக்கு வழி காட்டினது. இங்க வர்றவங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினது. எதை வாங்கறதுன்னு தேடினா, நம்ம அம்மா கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க! அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்ல."

டிவிக்குக் கீழே அதே பெட்டி. எப்போதும் கடைக்காரரின் நாக்கு நுனியிலேயே நிற்கும் நகைச்சுவை எங்கே ஓடி ஒளிந்ததோ தெரியவில்லை.

திரைக்கு முன்னால், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். பெரிய ஆகிருதி. அந்தக் கையைத் தூக்க அவர் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. அங்குலம் அங்குலமாகத் தூக்கி, ஒரே வீச்சாக வீசினார். பந்து உருண்டு இடதுபக்கப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி பள்ளம்.

"இன்னொரு தடவை அண்ணே, இன்னும் கொஞ்சம் நேரா" என்றார் மேடம்.

"நேராத்தாம்மா வீசறேன்." அவர் குரல் உடைந்திருந்தது. "நான் நேரா வீசறது எனக்கே கோணலாப் போகுது. இந்தக் கை செத்துப்போச்சும்மா. விட்டுடுங்க. இனிமே நான் வரல. பாவம், மத்தவங்க நேரமாவது மிஞ்சும்."

ரிமோட்டைத் தொடையில் போட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு ஓசையில்லாமல் குலுங்கியது.

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. வழிகாட்டி என்ற பெயரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அந்த யோசனை தன் தலைக்குள்தான் முளைத்தது என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் களிம்பு படிந்த ரிமோட்டைவிடவும் பிசுபிசுப்பான ஒன்று தனக்குள் இருப்பதாக உணர்ந்தார்.

முன்னால் போய் டிரைவரின் தொடையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலின்மேல் நேராக வைத்தார். பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பந்து நிதானமாக உருண்டு இடதுபக்கப் பள்ளத்தில் விழுந்தது.

"பாருங்கண்ணே. இந்த ஸ்டூலுக்குப் பக்கவாதம் இல்ல. ஆனாலும் இடதுபக்கம்தான் போகுது. உங்க கை சரியாத்தான் இருக்கு. பெட்டிதான் மோசம்."

சுற்றி நின்றவர்கள் ஸ்டூலை நோக்கி நெருங்கி வந்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுலயும் இதே கதைதான். ஒண்ணு இல்ல, ரெண்டு பெட்டி."

"அப்போ நீங்க எழுதினது?"

"பொய்ங்க. மாத்திக் குடுக்கறேன்னு சொன்னாங்க, எழுதிட்டேன்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். துணியில் போகாத கறையைக் கடைக்காரர் பார்க்கும் அதே பார்வை. "இவரு ஒரு வாரமா தன் கையைத் திட்டிக்கிட்டு அழறாருங்க" என்றார் மெதுவாக. "இங்க எல்லாமே முடியாத கைங்க, நானும் பெட்டியைச் சந்தேகப்படல." டிவியை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து டிரைவரின் வலது கையில் வைத்தார். "இதை எறிங்கண்ணே. எங்க வேணா எறிங்க."

டிரைவர் பந்தைப் பார்த்தார், சலவைக் கடைக்காரரைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கையைத் தூக்கினார். பந்து ஒரு வளைவும் இல்லாமல் வந்து கடைக்காரரின் நெஞ்சில் 'பொத்'தென்று அடித்தது.

"குறி பார்த்துத்தான் எறிஞ்சேன்" என்றார் டிரைவர்.

யாரோ சிரித்தார்கள். கடைக்காரரும் சிரிக்கப் பார்த்தார், கண்தான் கலங்கியது. "இன்னொண்ணு எறிங்கண்ணே. வாங்கிக்கறேன்."

"எறியத்தான் போறேன். இங்க வா தம்பி, உட்காரு." டிரைவர் தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "ராத்திரி ரோட்டுல வண்டி படுத்துடுச்சுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? முதல் வேலையா ஒரு மரக்கிளையை ஒடிச்சு, தள்ளிக் கொண்டுபோய் நடுரோட்டுல போடுவோம். பின்னாடி வர்றவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா அவன் வந்து மோதிடக் கூடாது. பள்ளத்தைக் கண்டாலும் அதேதான். நீயும் பள்ளத்துல விழுந்தவன்தான். தள்ளிவிட்டவன் அந்தக் கம்பெனிக்காரன், அவன் நாசமாப் போகட்டும். ஆனா ஏறி வந்தவன் நீ, கிளையைப் போடாமப் போனியே, அதுகூடப் பரவாயில்லைன்னு விடலாம். நீ பள்ளத்து மேல பூவைத் தூவிட்டுப் போயிருக்க. அவன் பொய் சொன்னா ஒருத்தன் நம்புவான். பாதிக்கப்பட்ட நீயே பொய் சொன்னா ஊரே நம்பும். ஏமாத்தறவனுக்குக் கடை வெச்சுக் குடுக்கறது ஏமாந்தவன் வாய்தான் தம்பி."

கடைக்காரர் தலையைக் குனிந்தபடி கைபேசியை எடுத்தார். அந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, தான் எழுதியதைத் திறந்து அழிக்க ஆரம்பித்தார்.

"அழிக்காதீங்க" என்றாள் மனைவி. இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வலியோடு உயர்த்தித் திரையில் விரலை வைத்தாள். "அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, இது பொய்யின்னு எழுதுங்க. நாம ஏன் அப்படி எழுதினோம்னும் எழுதுங்க. வர்றவங்க ரெண்டையும் படிக்கட்டும்."