மஞ்சள் குச்சி

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரேசன், மாட்டுங்கா வீட்டு கராஜில் பழைய காரின் இன்ஜினைத் தானே இறக்கி, புது கிளட்ச் போட்டு, மூன்று நாளாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். சங்கிலியில் தொங்கிய இன்ஜின் கியர்பாக்ஸ் வரைக்கும் வந்து, கடைசி இரண்டு விரற்கடையில் அடம் பிடித்தது.

"கிளட்ச் பிளேட்டை நட்டநடுவா வெச்சேளா? இல்லேன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் எப்படி அதோட நடு ஓட்டைக்குள்ளே போகும்?" என்றாள் மனைவி வந்தனா.

"எல்லாம் கண்ணாலேயே அளந்து வெச்சாச்சு. கியர்பாக்ஸ் பண்ணினவன்தான் முட்டாள்."

இந்த மனிதரைத் தவிர ஊரில் எல்லாரும் முட்டாள்கள்தான். இன்ஜினுக்குப் பூஜை போட்டு, நூல் பிடித்தாற்போல் நடுவில் குங்குமம் வைக்கத் தெரிந்தவருக்கு, ஒரு தகட்டை நடுவில் வைக்கத் தெரியவில்லை.

"கிளட்ச் டப்பால ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குச்சி இருந்ததே?"

"அதுவா? ஏதோ ஓசில வந்தது. துளசிக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்."

வந்தனா மாடிக்குப் போய்த் துளசித் தொட்டியிலிருந்து குச்சியைப் பிடுங்கி வந்தாள். பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கென்றே கம்பெனிக்காரர்கள் அதை டப்பாவில் வைத்திருந்தார்கள். அதன் மேலேயே ஆங்கிலத்தில் அப்படித்தான் பொறித்திருந்தது. மண்ணைத் துடைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"துளசி நட்டநடுவா நிக்கறது. இனிமே அதையே ஓட்டிண்டு போங்கோ."