கோளாறு இல்லாத வண்டி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பழைய காரை நம்பி விட ஒரு மெக்கானிக் கிடைக்காமல் சிவகாசி முழுக்க அலைந்து நொந்துபோயிருந்தேன். சாத்தூர் ரோட்டில் ஒருவரைக் கைகாட்டினார்கள். போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அவர், "வண்டியில ஒரு கோளாறும் இல்லக்கா, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவள் முகம் வாடிப்போனது. செலவில்லை என்றால் யாருக்காவது முகம் வாடுமா? அந்த முகம் மட்டும்தான் நான் கண்டது. பெயர்கள் உட்பட மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

மழை கொட்டிய ஒரு மாலையில் ஹெப்சிபாவின் கார் நடுரோட்டில்—

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் மழையாவது! தவிர, அவள் கார் எங்கேயும் நிற்பதில்லை. அவளுக்கு அதுதான் கஷ்டம்.]

மறுபடி தொடங்குகிறேன். ஹெப்சிபா அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். பட்டாசுப் பெட்டி அட்டைகளில் நிறம் கோடு தாண்டாமல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவள், தனியாக இருக்கிறாள். மெக்கானிக் காசிராஜனும் மனைவி இறந்தபின் தனியாள்தான். அவள் சர்ச்சுக்குப் போகிறவள்; அவர் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிறவர். பேசிக்கொள்வதற்கு இருவருக்கும் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான்.

காசிராஜன் எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழையதைப் புதியது வந்த பெட்டியிலேயே போட்டுக் கையில் கொடுப்பார். "ஏமாத்தலன்னு நீங்களே பாத்துக்கோங்க" என்பார். மற்றவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ஹெப்சிபாவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் அப்படிச் சில பெட்டிகள் இருக்கின்றன.

அவர் கை வைத்த இடம் லேசில் மறுபடி கெடாது. ஊரே மெச்சும் அந்த நாணயத்தை அவள் ஒருத்திதான் சபித்தாள். ஒரே ஒரு தடவை ஏமாற்றினால்தான் என்ன, மறுவாரமே வந்து சண்டை போடலாமே என்று ஏங்கினாள்.

3

முன்சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று காசிராஜன் சொன்னார். "நானே வாங்கிட்டு வாரேன்" என்றாள் ஹெப்சிபா.

விருதுநகர்க் கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் அச்சு கச்சிதம். மற்றதில் சிவப்பு, எழுத்தை விட்டு மயிரிழை விலகி நின்றது. போலி என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்லதை மாட்டினால் காசிராஜன் பக்கம் போக ரொம்ப நாளைக்கு வழியில்லை. போலி சீக்கிரம் தேயும். அவள் போலியை வாங்கிக்கொண்டாள்.

[பிரேக்கிலா விளையாடுவாள் ஒரு பெண்? இந்தப் பத்தியைப் பலமுறை கிழித்துப் போட்டேன். பிரேக்கை எடுத்துவிட்டு ஹாரனை வைத்துப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஏக்கம் முற்றினால் புத்தி பிசகும் என்று தேற்றிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.]

4

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. காசிராஜன் புதிய பேடைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். கறுப்பாகப் பொடி உதிர்ந்தது.

"இது டூப்ளிகேட்டு அக்கா. ஒரு எறக்கத்துல மிதிச்சா வண்டி நிக்காது. இத மாட்டுனா என் கை வெளங்காது."

"கடையில நல்லதுன்னுதான் குடுத்தாங்க."

"எம்மேல நம்பிக்க இல்லாமத்தான் நீங்களே போய் வாங்குனீகளோ?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். குரல் உடைந்திருந்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்ல" என்றாள்.

அவர் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கலரு விலகி நிக்கிது. எனக்கே தெரியுது. நாள் பூரா அட்டையப் பாக்குறவுக நீங்க. உங்க கண்ணுக்கா தப்புச்சு?"

ஹெப்சிபா தரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீக. எதுக்கு?"

[இங்கே ஓர் 'அக்கா' விழுந்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. நானும் சேர்க்கவில்லை.]

5

முடிவு ஒன்று: "உங்களப் பாக்கத்தான்" என்கிறாள். [பட்டப்பகலில், ரோட்டோரத்தில், ஹெப்சிபாவா? எனக்கே கூசுகிறது.]

முடிவு இரண்டு: "சரியாக் கவனிக்கல" என்று பொய் சொல்கிறாள். அவர் நம்பி, நல்ல பேடு மாட்டி அனுப்பிவிடுகிறார். [பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.]

முடிவு மூன்று: அவளை முந்திக்கொண்டு அவரே—

இல்லை, முடியவில்லை. அவள் என்ன சொல்லட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. சக்கரம் தரையில் கிடக்கிறது, வண்டியை எடுத்துக்கொண்டு அவளால் ஓடிவிட முடியாது. காசிராஜன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், அவர் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வண்டியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.