மச்சான் வைத்துக்கொண்ட நம்பர்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அவர் பேரிங் கழற்றும் புல்லரைத் துடைத்து வைத்தார். அதில் அழுக்கே இல்லை. வேலை வந்தால்தானே அழுக்காகும்? தனியாகக் கடை போட்டு ஷட்டரைத் திறந்து பதினோரு நாள் ஆகிறது. வெளியே ‘மோட்டார் காயில் கட்டப்படும்’ என்று பலகை தொங்குகிறது. உள்ளே காயில் சுற்றும் மெஷின், செப்புக் கம்பி, வார்னிஷ் டின், சுவர் நிறைய ஸ்பேனர்கள். எல்லாம் இருக்கிறது. ஆள் மட்டும் வரவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “துடைச்சுத் துடைச்சு அதை ஊசியாக்கிடாதீங்க” என்றாள்.

“ஆகட்டும். உன் தம்பிகிட்ட குடு, காது குடையட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. தம்பி பேச்சை எடுத்தால் அவளுக்கு இரண்டு பக்கமும் வலிக்கும்.

பத்தொன்பது வருஷம் அந்த மச்சானோடு சேர்ந்து நடத்திய கடை. கை இவருடையது, வாய் அவனுடையது. போனை எடுப்பது, “இதோ வந்துட்டோம்மா” என்று குழைவது எல்லாம் மச்சான். இவர் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், குனிந்த தலை நிமிராமல் மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டு வருவார். நன்றியெல்லாம் போனுக்குத்தான் போகும். ஒருநாள் மச்சான் யாரிடமோ “நம்ம ஆளை அனுப்பறேன்” என்றது காதில் விழுந்தது. ஆளாம்! அன்றைக்கே பிரிந்தார்.

“மாமா, சாமான் எது வேணுமோ எடுத்துக்குங்க. கடைப் போன் மட்டும் என்கிட்ட இருக்கட்டும்” என்றான் மச்சான். சரியான ஏமாளி என்று இவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சுவரில் இருந்த ஆணியைக்கூட விடாமல் பிடுங்கி வண்டியில் ஏற்றினார். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் போனை வைத்துக்கொண்டு என்ன கிழித்துவிடப் போகிறான்? அவன் ஒன்றும் கிழிக்கவில்லை. கூலிக்கு ஒருத்தனை வைத்தான், கடைக்கு நாலு ஸ்பேனர் வாங்கிப் போட்டான், அவ்வளவுதான். பாதி ஊரின் போனில் இருப்பது அந்த நம்பர். இவரிடம் இருப்பது இரும்பு.

“உட்கார்ந்தே இருந்தா யாருக்குத் தெரியும்? நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்க. வாயைத் திறந்து கேளுங்க” என்றாள் மனைவி.

“என்னைப் பிச்சையெடுக்கச் சொல்றியா?”

“என் தம்பி பத்தொன்பது வருஷமா அதைத்தான் பண்ணினான். நாம அதுலதான் சாப்பிட்டோம்.”

 சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

தெருக்களில் தண்ணீர் ஏற்றும் நேரம். சுவர்களுக்குப் பின்னால் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாதிக்குப் பாதி இவர் கை பட்டவை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு காலை ஊன்றி நின்று கேட்டார். ஒன்றுகூடப் பிசிறடிக்கவில்லை. பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? “இப்படியா கட்டித் தொலைச்சேன்” என்று முணுமுணுத்தபடி அடுத்த தெருவுக்கு மிதித்தார்.

கடைசித் தெரு மூலை வீட்டில் அது கேட்டது. ஒரு கரகரப்பு, அதற்கடியில் முனகல். பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் நாலு நாளில் காயில் கருகிவிடும். ஏழு வருஷம் முன்பு இதே வீட்டுக் குழிக்குள் இறங்கி இவர் காயில் கட்டி மாட்டிய மோட்டார்தான். மணியை அழுத்திய பிறகுதான், என்ன சொல்வது என்ற யோசனையே வந்தது.

வீட்டுக்காரம்மா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். “என்ன வேணும்?”

“மோட்டார் சத்தம் சரியில்லம்மா.”

“அதைச் சொல்ல நீங்க யாரு?”

“நான்தான் இதுக்குக் காயில் கட்டினேன்.”

மேலும் கீழும் பார்த்தாள். குழிக்குள் கிடந்தவன் முகத்தை யார் பார்த்தார்கள்? “எங்களுக்கு வழக்கமா ஒருத்தர் இருக்காரு. தங்கமான மனுஷன். தெருவுல போறவங்களையெல்லாம் உள்ள விடறதில்ல” என்றவள், அங்கேயே நின்று போன் போட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இவராக இருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

ஒரே மணியில் மச்சான் எடுத்துவிட்டான். “சொல்லுங்கம்மா! மாமியாருக்கு முட்டி வலி தேவலையா?” என்று ஸ்பீக்கர் குழைந்தது.

மாமியாரின் முட்டிவரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவருக்குத் தெரிந்ததெல்லாம் குழிக்கு எத்தனை படி என்பதுதான்.

“மோட்டார் ஏதோ சத்தம் போடுதாம்.”

“என்ன மாதிரி சத்தம்மா? சொன்னீங்கன்னா இப்பவே ஆளை அனுப்பறேன்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. “எனக்கென்ன தெரியும்? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க, நீங்களே சொல்லுங்க” என்று கம்பிகளுக்கு நடுவே போனை நீட்டினாள்.

அவர் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் அது நின்றது.

“ஹலோ? யாருங்க அது? பயப்படாம சொல்லுங்க சார்” என்றது, மச்சான் வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் வைத்திருக்கும் அந்த மெத்தென்ற குரல்.

அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் மறுபக்கம் குரலின் மெத்து போய், “மாமா... நீங்களா?” என்றது. பின்னால் மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது.