கன்னத்தில் அதக்கிய வேர்

கப்பல் ஏஜென்சியில் தலைமைக் கிளார்க்காக இருந்த கனகசுந்தரத்துக்கு இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்க மறுத்தது. மூன்று விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. போதாததற்குக் கால்கள் வேறு வலுவிழந்து, பீச் ஸ்திரீட் ஆபீஸ் மாடிப்படியில் அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது.

டாக்டர் சுலைமான் தமிழ் முஸ்லிம், ஒளிவுமறைவு தெரியாத மனிதர்.

"ஐயா, கிட்னிக்கு மேல ஒரு சின்ன சுரப்பி இருக்கு. அது ஹார்மோனை அதிகமா சுரந்தா இப்படித்தான் ஆகும். கட்டி இருந்தா வெட்டி எடுத்துடலாம்லா."

வெட்டுவது என்ற சொல்லுக்குப் பிறகு கனகசுந்தரத்தின் காதில் எதுவும் ஏறவில்லை.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பிளாஸ்டிக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். மனிதர் அதன்மேல் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, மேசைக்கடியில் ஆபீஸ் கோப்பு மாதிரி ஒழுங்காக வைத்திருந்தார். படுக்க வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் இரத்தம் எடுத்த நர்ஸ் ரோஹானா, வேறு மருந்து, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று மலாய் மொழியில் கேட்டாள். இல்லவே இல்லை என்றார். அப்போது அவர் கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரம் ஊறிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை, பாவம். கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாரம் பாடுகிறவர், இருபத்திரண்டு வருடமாகத் தொண்டைக்காக மெல்லுகிற இனிப்பு வேரை மருந்து என்று நினைப்பாரா?

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மனைவி புஷ்பராணியும் கூடப் போனாள்.

"சுரப்பியோட ஹார்மோனும், அதைத் தூண்டிவிடுற கிட்னி ஹார்மோனும், ரெண்டுமே அடிமட்டத்துல கிடக்கு," என்றார் டாக்டர். "சுரப்பி தூங்குது. ஆனா உடம்புலருந்து பொட்டாசியம் போயிட்டே இருக்கு. அப்போ கட்டி இல்ல, வெளியிலருந்து ஏதோ உள்ள போகுது. அதிமதுரம் இப்படிச் செய்யும்னு படிச்சிருக்கேன். சாப்பிடுறீங்களா?"

கனகசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமென்றால் வேர் போகும், வேர் போனால் குரல் போகும். வேறென்ன இருக்கிறது அவரிடம்?

"இல்லை டொக்டர்."

"அப்படின்னா கோலாலம்பூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் இதே பிரஷரோட இருந்தா பக்கவாதம் வரலாம்."

புஷ்பராணி கையை நீட்டிப் புருஷனின் சட்டைப் பையிலிருந்த தகர டப்பியை எடுத்து, மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தாள். அறை முழுக்க வாசம் பரவியது. டாக்டர் டப்பியைப் பார்த்தார். கனகசுந்தரம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

வேரை விட்ட ஆறாவது வாரம் அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. படியெல்லாம் தடதடவென்று ஏறினார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பதிகத்தின் உச்சத்தில் குரல் பிளந்து நின்றது. கோயில் செயலாளர் தியாகராஜா பெருந்தன்மையாக எழுந்து போய், பழுதில்லாத மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். கனகசுந்தரத்துக்குக் கண்ணீர் முட்டியது. இருந்தும் மிச்சத்தை எப்படியோ பாடி முடித்தார்.

செருப்புப் போடும்போது புஷ்பராணியிடம் கேட்டார்.

"இண்டைக்கு எப்பிடி இருந்தது?"

"கேக்கச் சகிக்கேல்லை," என்றாள். "வாற வெள்ளியும் பாடுங்கோ. நான் முன்னுக்குத்தான் இருப்பன்."