அம்மாளுக்குப் போட்ட ஊசி

1

இந்தக் கதையை ஒரு மோர்ப் பந்தலில் பொறுக்கினேன். 2006, ஜேர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் தேர். எனக்கு முன்னால் நின்ற பெண், புருஷனின் வெற்று முதுகில் நேர்த்திக்காகச் செடில் முள் என்ற கொக்கி குத்திய தடங்களைத் தட்டிச் சொன்னாள்: “போன வருசம் என்ரை வேலையைத் துலைக்கப் பாத்த முதுகு இது!” புருஷன் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர் ஒருவரும் சிரித்தார். ஆய்வுகூடம், இரத்தம் என்று இன்னும் நாலு சொல் காதில் விழுந்தன. மிச்சம் நான் கட்டியது. அவள் தக்சாயினி, அவன் ரஜிதன். பெயர்களும் நான் வைத்தவைதான்.

2

முதல் தொடக்கம்: ‘நுண்ணோக்கியின் ஒளியில் குரோமோசோம்கள் விண்மீன்களைப் போல...’

வேண்டாம். நாள் முழுதும் குனிந்திருந்து கழுத்துப் பிடித்தவளுக்கு விண்மீன் எங்கே தெரியும்?

நேராகவே சொல்கிறேன். தக்சாயினிக்கு பீலெஃபெல்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. புதிதாக ஓர் இரசாயனம் வந்தால் அதை மனித இரத்தத்தில் விட்டு, செல்களுக்குள் குரோமோசோம் உடைகிறதா என்று பார்ப்பார்கள். அதே இரத்தத்தில் கொஞ்சம் இரசாயனம் படாமல் தனியே வளரும். அதுதான் சாட்சி. சாட்சியே தள்ளாடினால் வழக்கு நிற்காது.

இரத்தம் தருபவர் அண்மையில் மருந்தோ ஊசியோ போடாதவராக இருக்க வேண்டும். வழக்கமாகத் தருபவர் தடிமன் காய்ச்சலில் படுத்துவிட, தக்சாயினி தன் புருஷனைக் கூட்டிப்போனாள். மருந்து, ஊசி ஏதும் உண்டா என்று மேலாளர் அல்பேர்ட் கேட்டார். ஒன்றுமில்லை என்றான் ரஜிதன். இந்த மனுசனுக்குத் தலையிடிகூட வருவதில்லை என்று அவளும் உத்தரவாதம் கொடுத்தாள்.

3

சாட்சித் தட்டு தள்ளாடியது. செல்கள் சரியாகப் பிளக்கவில்லை, பிளந்தவற்றிலும் உடைவு. பார்த்த வேலை முழுதும் குப்பைக்கு. செல்களை வளர்க்கும் சூட்டுப்பெட்டியில்தான் பிழை என்று முடிவுகட்டிய அல்பேர்ட், அதைத் திருத்த ஆளைக் கூப்பிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தக்சாயினியின் வேலை நிரந்தரமாக வேண்டும்.

ஆளைக் கூப்பிட்ட அன்று பின்னேரம், முள் குத்திய ரஜிதனின் முதுகுக்கு எண்ணெய் பூசினாள்.

“ஆறீட்டுது, என்ன? நல்லகாலம், தேர் முடிஞ்ச கையோடை டொக்டர் ஊசி போட்டவர்” என்றான் ரஜிதன்.

“என்ன ஊசி?”

“ரெற்றனஸ். இரும்பு குத்தினாப் போடுறது.”

“அண்டைக்கு ஒண்டுமில்லையெண்டியள்!”

“நோய் வருத்தத்துக்குப் போட்டதைத்தானே கேட்டவர்? இது அம்மாளுக்குப் போட்டது.”

“இஞ்சேருங்கோ, அம்மாளுக்கு ரெற்றனஸ் வருமே?”

[ரஜிதனை நானே முதலில் நம்பவில்லை. இப்படியும் ஒருவன் இருப்பானா? பிறகு நான் வேலை செய்த இரும்பு வார்ப்பகம் நினைவுக்கு வந்தது. கை வெந்தவனும் வேலைக்கு வந்துவிட்டால் சுகமாக இருக்கிறான் என்றுதான் அங்கே கணக்கு. அதிலும் நேர்த்திக்கடனை யார் நோயில் சேர்ப்பார்? தினமும் எண்ணெய் பூசிய தக்சாயினியே சேர்க்கவில்லை.]

ஊசிதான் காரணமா? யாருக்குத் தெரியும். ஆனால் விதி விதிதான். பேசாமல் இருந்தால் பழி பெட்டியோடு போகும். சொன்னால்...

4

முடிவு ஒன்று: அவள் வாயே திறக்கவில்லை, நல்ல பெட்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். எழுதிக் கிழித்தேன்.

முடிவு இரண்டு: சொன்னாள், அல்பேர்ட் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதையும் கிழித்தேன். வேலை போனவள் அந்த முதுகை அப்படித் தட்டமாட்டாள்.

பந்தலில் கேட்ட ஒன்றை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. “இந்தமுறை முதல்லை இரத்தத்தைக் குடுத்துப்போட்டுத்தானே முள்ளுக் குத்தினனான். உன்ரை முதலாளியையே கேட்டுப் பாரன்!” என்று புருஷன் அந்த ஜேர்மன்காரரைக் காட்டினான். அவர் மூன்றாவது மோருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, அவள் அல்பேர்ட்டின் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே போய் எப்படிச் சொன்னாள்? அதை நீங்களே எழுதுங்கள். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். முதுகெல்லாம் கொக்கி குத்தி வீதியில் ஆடிய ஒருவனை முழுச் சுகதேகி என்றுதான் நினைத்தோம் என்று ஒரு ஜேர்மன்காரருக்கு விளங்கப்படுத்த எனக்கு இன்னும் வாய் வராது.