வியாழக்கிழமை வீடு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஓர் அடிக்குறிப்பிலிருந்து திருடினேன். வேறெதற்கோ ஒரு பழைய மருத்துவ அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1979இல் சேலத்துப் பக்கம் குழந்தைகளுக்குச் சத்து டானிக் கொடுத்து நடத்திய ஆராய்ச்சி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஒரே வீட்டைச் சேர்ந்த இரு குழந்தைகள், மருந்து கலந்துவிட்டதால், ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர்.'

எப்படிக் கலந்தது, யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒன்றும் இல்லை. டாக்டர் வீடு வீடாகப் போயிருக்க மாட்டார். ஒரு நர்ஸ்தான் போயிருக்க வேண்டும். அந்த நர்ஸ் இரண்டு வருடமாக என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'வெள்ளைப் புடவையில் ஒரு தேவதை வெண்ணந்தூர்த் தெருவில்...' வேண்டாம். தேவதைக்குக் கால் வலிக்காது. இவளுக்கு வலிக்கும்.

தொடக்கம் இரண்டு: 'வசந்தாமணியின் கணவன் சங்ககிரியில் லாரி...' இதையும் அடித்துவிட்டேன். கணவன் வந்தால் கதை அவன் பின்னால் போய்விடும்.

நர்ஸ் வசந்தாமணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பத்தாறு. சங்ககிரியில் அண்ணன் வீடு உண்டு. தீபாவளிக்குப் போனால், விருந்தாளிகளுக்கென்று பரணிலிருந்து இறக்கும் தட்டில்தான் அண்ணி சோறு போடுவாள். மற்ற நாட்களில் சேலம் ஃபேர்லேண்ட்சில் ஓர் ஒற்றை அறையும் ஒரு ஸ்டவ்வும்.

[ஒரு பூனையாவது கொடுக்கலாமென்று பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள் ஊர் சுற்றுகிறவளிடம் பூனை தங்காது.]

3

அவள் வேலை இதுதான். பஸ்ஸில் போவாள். வீட்டு விட்டத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டுவாள். துணித் தூளியில் குழந்தையை உட்காரவைத்து எடை பார்த்து, எழுதிக்கொண்டு, தாயிடம் திருப்பிக் கொடுப்பாள். நாளெல்லாம் பிள்ளையைத் தூக்குவதும் திருப்பித் தருவதும்தான்.

பிறகு டானிக். சில குழந்தைகளுக்குச் சிவப்பு மூடி பாட்டில், சிலருக்குப் பச்சை மூடி. சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தது. ஒன்றில் மருந்து இருக்கிறது, மற்றதில் வெறும் சர்க்கரைப்பாகு. நிறமும் ருசியும் ஒன்றே. எதில் எது என்பது அவளுக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி. எந்த வீட்டிலும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது இன்னொரு விதி.

நாற்பது வீடுகள். முப்பத்தொன்பதில் அந்த விதியைக் காப்பாற்றினாள். மிச்சம் ஒரு வீடு வெண்ணந்தூரில், வியாழக்கிழமைதோறும். தூரம் என்பதால் அன்றைக்கு அது ஒன்றுதான். அங்கே செல்லாயி, ஆத்தாயி என்று இரண்டு ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஆளுக்கொரு பெண் குழந்தை, இரண்டுக்கும் இரண்டு வயது. செல்லாயி மகளுக்குச் சிவப்பு விழுந்திருந்தது, ஆத்தாயி மகளுக்குப் பச்சை.

முதல் வாரம் மோர் கொடுத்தார்கள், குடித்தாள். அடுத்த வாரம் கம்பஞ்சோறு. மூன்றாவது வாரம் அடுக்களையில் அவளுக்கென்று ஒரு சாப்பாட்டு வட்டில் இருந்தது. ஆத்தாயியின் மகள் தராசிலிருந்து இறங்கியதும் அம்மாவிடம் போகாமல் இவள் இடுப்பிலேயே இருந்துகொள்ளும். வசந்தாமணி புதன்கிழமையே நல்ல புடவையாகப் பார்த்து எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

4

ஐந்தாவது மாதம். புது பாட்டில் கொடுப்பதற்காகப் பழையதை எடுக்க, அன்று அவளே அடுக்களைக்குள் போனாள். இரண்டையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். டானிக் ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்தில் இருந்தது. முதல் நாளிலிருந்தே இரண்டு பாட்டிலையும் அதில் ஒன்றாக ஊற்றி, ஒரே கரண்டியால் இரண்டு குழந்தைக்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

ஆத்தாயி எதையும் மறைக்கவில்லை. "ஒரே ஊட்டுல ரெண்டு புள்ளைக்கு ரெண்டு வெதமா ஊத்தறது நாயமுங்களா? ஒண்ணு தேறி ஒண்ணு தேறாமப் போனா, நாங்க ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் எப்படீங்க முழிக்கறது?"

[இதைவிட யோக்கியமான தவறை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் தவறு தவறுதான்.]

எழுதினால் இரண்டு குழந்தைகளின் பெயரையும் அடித்துவிடுவார்கள். அதன்பிறகு இந்த வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதை அவர்களிடமும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

5

முடிவு அ: அவள் எழுதவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை வந்தாள், சாப்பிட்டாள். எனக்கும் இதுதான் ஆசை. ஆனால் அடிக்குறிப்பு என் கையைப் பிடித்துக்கொள்கிறது. யாரோ எழுதியிருக்கிறார்கள். பொய்க் கணக்கை நம்பி நாளை எந்தக் குழந்தைக்கு எதைக் கொடுப்பார்களோ என்ற பயமும் அவளுக்கு இருந்திருக்கும்.

முடிவு ஆ: அவள் எழுதினாள். செல்லாயி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கதை எழுதுகிறவனுக்கு இது சௌகரியம், கதவோடு கதையும் முடிந்துவிடும். ஆனால் செல்லாயி என் பேச்சைக் கேட்கவில்லை. வட்டிலில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எழுதிக்கங்க சாமி. கலந்தது நெசந்தானுங்களே. பேர அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க. வெசாழக்கெழம நீங்க பாட்டுக்கு வந்துருங்க. தராசு இல்லாட்டி என்னங்க?"

வசந்தாமணி எழுதினாள். பேனாவை மூடிவிட்டு வட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

6

டாக்டர் இரண்டு பெயர்களையும் ஸ்கேல் வைத்து அடித்தார். இனி வியாழக்கிழமை ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை. நல்ல புடவை கட்டி, சேலத்தில் ராசிபுரம் பஸ் ஏறியிருக்கிறாள். வழியில்தான் வெண்ணந்தூர். ஆனால் டிக்கெட் ராசிபுரத்துக்கு எடுத்திருக்கிறாள். ராசிபுரத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

இதற்குமேல் கதை நகர மறுக்கிறது. ஏழெட்டு முறை அவளைச் சீட்டிலிருந்து எழுப்பிப் பார்த்துவிட்டேன். காரணமில்லாமல் ஒரு வீட்டுப் படியேறி அவளுக்குப் பழக்கமில்லை. என்னவென்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவாள்? சொல்லிக்கொடுக்கலாமென்றால் எனக்கும் தெரியவில்லை. நானும் அப்படி எந்த வீட்டுக்கும் போனவன் இல்லை.

பஸ் வெண்ணந்தூரில் நிற்கிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கேட்கிறார்: "வேற யாராச்சும் எறங்கறதுங்களா?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் காலை ஒதுக்கி வழிவிடுங்கள்.