கேள்வி மட்டும் கேட்டவர்கள்

மலேசியாவில், பத்தாங் காலி என்ற ஊரின் பிஸ்கட் தொழிற்சாலையில் தனேஸ்வரி சூப்பர்வைசராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நமுத்துப்போன பிஸ்கட் பாக்கெட்டுகள் கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கிவிட்டன. எல்லாம் அவள் மேற்பார்க்கும் லைனில் வாய் ஒட்டியவை. அடுத்த மாதமும் வந்தால் பதவி போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பயிற்சிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஹோட்டலில் உட்கார வைத்துத் தலைமைப் பண்பு பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. பிறகு ஒரு குழு வந்து, பிரச்சினையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மெஷினை மாற்றிவிட்டு நடையைக் கட்டியது. பாக்கெட்டுகள் திரும்பி வருவது மட்டும் நிற்கவில்லை.

அதனால் மனிதவளப் பிரிவு ரூபினி, "செயல்வழிக் கற்றல்" என்று சூப்பர்வைசர்களை வட்டமாக உட்கார வைத்தபோது, இதுவும் அதே கூத்துதான் என்று தனேஸ்வரி நினைத்தாள்.

"யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான்," என்றாள் ரூபினி. "பிரச்சினை தனேஸ்வரியோடது, முடிவும் அவங்களோடது. செஞ்சு பாத்துட்டு அடுத்த வாரம் வந்து சொல்லணும்."

லோரிப் பகுதியைப் பார்க்கும் லிங்கேஸ்வரன் தாடையைத் தடவினார். "ஒட்டு சரியில்லாத பாக்கெட்ட பாத்தா என்ன செய்வ, தங்கச்சி?"

"நானே திரும்ப ஒட்டிருவேண்ணே."

"யாரு ஒட்டினதுன்னு தெரியுமா?"

"வேலம்மா அக்கா."

"தப்பா ஒட்டுறது அவங்களுக்குத் தெரியுமா?"

வேலம்மா தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி. சின்ன வயதில் தனேஸ்வரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அவளிடம் போய் எப்படித் தப்பு சொல்வது? அவள் முகத்தைப் பார்க்காமலே தானே ஒட்டிவந்தாள். இவள் கண்ணுக்குத் தப்பிய பாக்கெட்டுகள்தான் திரும்பி வந்தன.

"நாளைக்கு அக்காகிட்டயே சொல்றேன்," என்றாள் தனேஸ்வரி.

மறுநாள் மெஷின் அருகே நின்று, "அக்கா, சூடு ஆறுறதுக்குள்ள இழுக்கறீங்க. அதான் வாய் பிரியுது," என்றாள்.

வேலம்மாவின் முகம் மாறியது. "இதுக்குத்தான் என் மூஞ்சியப் பாக்காம போனியாடி? பெரிய ஆளாயிட்ட, அதான் பேசலன்னு நெனச்சேன்லா."

தனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் வேலம்மா ஒட்டு ஆறும்வரை கையை எடுப்பதில்லை.

அடுத்த வாரம் வட்டத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். "உங்களுக்கெல்லாம் ரொம்ப நன்றி. என் அக்காவ திருப்பிக் குடுத்தீங்க," என்றவள் லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். "அண்ணே, நான் அக்காகிட்ட சொல்லத் தயங்குறது உங்களுக்கு முன்னாடியே புரிஞ்சிருச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் லோரிய தாறுமாறா ஓட்டுறது என் சொந்த மாமா. நானும் இன்னும் வாயத் திறக்கல."

போய்ச் சொல்லுங்கள் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அவருகிட்ட சொல்ல எது தடுக்குதுண்ணே?"